சிலிண்டர் அண்ணன் பார்க்காத கோல்

கால்பந்து ரசிகர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கலாம். ஆனால் ஒரு கோலைக்கூடத் தன் கண்ணால் பார்க்காத ரசிகர் ஒரே ஒருவர்தான். அவர் மதுரை ஆனையூரில், எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் மைதானத்தில், சனிக்கிழமைதோறும் நிற்கிறார். பெயர் சிலிண்டர்.

சொந்தப் பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறதாம். அதை அவருடைய வீட்டிலேயே மறந்துவிட்டார்கள். தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர்களில் பவுடர் நிரப்பித் தருவது அவர் தொழில். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று மதுரையில் பாதிச் சுவர்களில் தொங்குவது அவர் கைபட்ட சிலிண்டர்தான். ஊரை நெருப்பிலிருந்து காப்பாற்றுகிறவர் பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். பயம்தான் அவரை இந்தத் தொழிலுக்கே இழுத்து வந்தது.

அவர் பயப்படுகிறவற்றை ஒருமுறை பட்டியல் போட்டேன். இடி, பல்லி, லிஃப்ட், குரைக்கும் நாய், குரைக்காத நாய், அதிகம் சிரிக்கும் டாக்டர், கார்னர் கிக், பெனால்டி, ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம். வாசித்துக் காட்டியதும் முகம் வெளிறிவிட்டது.

"இம்புட்டையும் எழுதி வேற வச்சிட்டியே பாப்பா. இப்ப அந்தக் காகிதத்தப் பாத்தாலே பயமா இருக்கு."

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எது எப்போது உடையும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதே வேலையை அவர் ஆயுள் முழுக்கச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார்.

மைதானத்தின் ஓரத்தில் ஸ்டாண்டு நட்டு, எங்கள் டீமின் ஆட்டங்களை ஃபோனில் பதிவு செய்வேன். என் வலப்பக்கம் ஒரு சிவப்பு சிலிண்டர் நிற்கும். அதற்கு வலப்பக்கம் அவர். பந்து நடுக்கோட்டைச் சுற்றி இருக்கும்வரை ஆட்டத்தைப் பார்ப்பார். நம் கோல் பக்கம் போனால் முதுகைத் திருப்பிக்கொள்வார். எதிரணி கோல் பக்கம் போனாலும் அப்படித்தான். "நம்ம பயலுக வெளிய அடிச்சுப்புட்டா அதை யாரு பாக்குறது?" அதன்பிறகு என் வாய்தான் அவருக்குக் கண்.

"சொல்லு பாப்பா, பந்து எங்க?"

"செல்வாகிட்ட அண்ணே."

"விழுந்துட்டானா?"

"இல்லண்ணே, ஓடுறான்."

"ஓடுறானா! ஆத்தாடி, ஏன் ஓடுறான்?"

செல்வா அவருடைய மகன். எங்கள் டீமின் வேகமான ஆள். ஓடுவது அவன் வேலை.

ஆக, அவர் கண்ணால் பார்த்த கால்பந்து மொத்தமும் நடு மைதானம்தான். அந்த நடு மைதானத்தில் விளையாடியவர் எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் உதவிப் பங்குச்சாமி. கால்சட்டை போட்ட இளம் ஃபாதர். சனிக்கிழமை மாலை முழங்காலெல்லாம் புழுதியோடு ஓடிப்போய், குளித்து, அங்கி மாட்டிக்கொண்டு பூசை வைப்பார். அம்மன் கோயிலைத் தவிர வேறெங்கும் கும்பிடாத சிலிண்டருக்கு அவர் மீது இருந்த பக்தியை எங்கள் கோயிலில் பிறந்து வளர்ந்தவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் டீமில் பாதிப்பேர் மேலத்தெரு, பாதிப்பேர் கீழத்தெரு. ஃபாதர் வருவதற்கு முன்னால், கோட்டுக்கு வெளியே போன பந்தை யார் எறிவது என்று ஒருநாள் இரண்டு தெருவுக்கும் பேச்சு வந்தது. ஒரே டீம்தான், பந்தும் நம் பந்துதான். யார் கை எறிவது என்பதுதான் தகராறு. முடிவில் மேலத்தெரு செல்வாவுக்கு மண்டையில் தையல். கீழத்தெரு மதிக்குக் கை முறிவு. நான் பதிவு செய்த அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. திரும்பப் பார்க்கத் துணிவில்லை. புழுதியைத் தவிர அதில் எதுவும் தெரியாது. "வேணாம்டா, டேய், வேணாம்டா" என்று ஒரு குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அது சிலிண்டரின் குரல்.

அதற்கு அடுத்த ஆட்டத்திலிருந்துதான் அவர் மைதானத்துக்கு சிலிண்டரோடு வர ஆரம்பித்தார்.

"வெட்டவெளில என்ன அண்ணே தீப்பிடிக்கப் போகுது?" என்று கேட்டேன்.

"நெருப்புக்கு இல்ல பாப்பா. சண்டை வந்தா அடிச்சு விட்டுருவேன். எல்லாப் பயலும் வெள்ளையாயிருவாய்ங்க. அப்புறம் எவன் எந்தத் தெருன்னு எவனுக்குத் தெரியும்?"

நல்லவேளையாக அதற்கு வேலை வரவில்லை. ஃபாதர் வந்துவிட்டார். அவர் யாருக்கும் அறிவுரை சொன்னதாக நினைவில்லை. நடுவில் நின்றார், அவ்வளவுதான். மேலத்தெருக்காரன் பந்தை ஃபாதருக்குக் கொடுப்பான். ஃபாதர் அதைக் கீழத்தெருக்காரனுக்குக் கொடுப்பார். சாமியாரிடம் முறைக்க முடியாதல்லவா? டீம் ஜெயிக்கத் தொடங்கியது.

தொழில் புத்தியில் நான் ஒரு காரியம் செய்தேன். பந்து யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று வீடியோக்களைப் பார்த்துக் கோடு கோடாக வரைந்தேன். சைக்கிள் சக்கரம் மாதிரி வந்தது. நடுவில் ஃபாதர், எல்லாக் கம்பியும் அவரிடம். செல்வாவுக்கும் மதிக்கும் நடுவே ஒரு கோடுகூட இல்லை. அதைச் சிலிண்டரிடம் காட்டியிருக்கக் கூடாது.

வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "நடு அச்சு கழண்டா?"

"வண்டி நிக்கும் அண்ணே."

"நிக்காது பாப்பா," என்றார். "குடை சாயும்."

அந்த வருடம் மே மாதம் நெருங்கியது. மே மாதம் என்றால் மற்றவர்களுக்கு அக்கினி வெயில். எங்கள் மறைமாவட்டத்துச் சாமியார்களுக்கு மாறுதல். யாரை எந்த ஊர்ப் பங்குக்கு அனுப்புவது என்று பிஷப்பாகிய ஆயர் முடிவு செய்வார். எங்கள் டீக்கடையில் அதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுவார்கள்.

"உசிலம்பட்டி. கன்ஃபர்ம்," என்றார் ஹைலைட்ஸ்.

ஹைலைட்ஸ் எங்கள் டீமின் இன்னொரு ரசிகர், ஜவுளிக்கடைக்காரர். முழு ஆட்டம் பார்க்க நேரமில்லாததால் வெளிநாட்டு ஆட்டங்களையெல்லாம் ஃபோனில் ஹைலைட்ஸ் போட்டுச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு விரிவாகக் கருத்து சொல்வார்.

"யாருண்ணே சொன்னது?" என்றேன்.

"கடைக்கு ஒரு கான்வென்ட் சிஸ்டர் சேலை எடுக்க வந்தாங்க. உசிலம்பட்டிக்கு எந்த ஃபாதர் வாராருன்னு நைசாக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சாங்க."

சிலிண்டர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "சிரிச்சாங்களா? போச்சு மாப்ள. போச்சு."

"போன வாரம் வாடிப்பட்டின்னு சொன்னாய்ங்க?" என்றார் டீ மாஸ்டர்.

"அது பழைய வதந்தி. சும்மாவா விடுறது? நம்ம பக்கம் ரெண்டு டிஃபெண்டரக் குடுத்து ஃபாதர நிப்பாட்டிக்கிருவோம். வெளிநாட்டுல அப்படித்தான் பேசுறாய்ங்க."

"யோவ், அவரு சாமியாருய்யா. உசிலம்பட்டிச் சந்தை மாடா, மாத்தி ஓட்டிட்டு வாரதுக்கு?"

"சரி, இங்கன இருக்குற பெரிய ஃபாதர எறக்குவோம்."

"அவருக்கு முட்டி தேஞ்சு போச்சு."

"கோல்கீப்பரா நிக்கலாம்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். சிலிண்டர் சிரிக்கவில்லை. எதிர் பெஞ்சில் செல்வாவின் கூட்டாளிகளும், அதற்கு அப்பால் தனியாக மதியின் கூட்டாளிகளும் உட்கார்ந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் கண்ணில் படுவதெல்லாம் அறிகுறி. ஃபாதர் பைக்கை சர்வீஸ் விட்டார், போச்சு. முடி வெட்டினார், போச்சு. புதுச் செருப்பு வாங்கினார், அது நீண்ட பயணத்துக்கு. துப்பு கிடைக்கும் என்று சிலிண்டர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே வரத் தொடங்கினார். அன்றைய பைபிள் வாசகத்தில் யாரோ ஒருவர் சொந்த ஊரை விட்டுக் கிளம்பினார். நடுக்கோயிலில் என் பின்னாலிருந்து குரல் கேட்டது. "பாப்பா, இது நம்மளுக்குத்தான்."

கடைசி முயற்சியாக ஆயரையே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். ஆயர் இல்லத்து சிலிண்டர்களும் இவர் பொறுப்புதான். என்ன பேசுவது என்று டீக்கடையில் ஒத்திகை நடந்தது. ஆயராக ஹைலைட்ஸ் நடித்தார். மறுநாள் போய்விட்டு வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"பாத்தீங்களா அண்ணே?"

"பாத்தேன். எதிர்ல வந்து நின்னுட்டாரு. எல்லாம் சரியா இருக்காப்பான்னு கேட்டாரு."

"நீங்க?"

"நெருப்பு வந்தா பின்னை உருவி, லிவரை அமுக்கி, அடிப்பக்கமா அடிக்கணும் சாமின்னேன்."

"ஃபாதரைப் பத்தி?"

"அடிச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வெளிய ஓடிரணும்னும் சொன்னேன்," என்றார். "சொல்லிட்டு நானே ஓடியாந்துட்டேன்."

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் பெரிய ஃபாதர் அறிவித்தார். உசிலம்பட்டி. சிஸ்டரின் சிரிப்பு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

கிளம்பும் நாளில் ஃபாதர் சிலிண்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, உசிலம்பட்டிக் கோயில்லயும் சிலிண்டர் இருக்கும். நீங்க வந்து பாக்கணும்," என்றார். "வாரேன் ஃபாதர்," என்றார் இவர். பைக் திரும்பும்போது முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "சொல்லு பாப்பா, போயிட்டாரா?"

ஃபாதர் இல்லாத பயிற்சிகளைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. பேசினால்தானே திட்டுவதற்கு? மேலத்தெரு ஒரு பாதியில் உதைத்தது, கீழத்தெரு மறுபாதியில் உதைத்தது. சிலிண்டர் தன் சிலிண்டரின் அழுத்தத்தை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டார்.

பிறகுதான் அந்த ஆட்டம் வந்தது. எங்கள் மைதானத்தில், உசிலம்பட்டியோடு. அவர்களின் நீல ஜெர்சியில் நடுவே நின்றது எங்கள் ஃபாதர்.

முதல் பாதியிலேயே உலகத்தில் எந்த டீமும் செய்யாத தப்பை எங்கள் டீம் செய்தது. செல்வாவிடம் பந்து வந்தது. பழக்க தோஷத்தில் நடுவே பார்த்தான், ஃபாதர் நின்றார், கொடுத்துவிட்டான்.

"சொல்லு பாப்பா."

"செல்வா ஃபாதருக்குக் குடுத்துட்டான் அண்ணே."

"அப்பாடா."

"அண்ணே, ஃபாதர் இப்ப அந்த டீமு."

"ஆத்தாடி!"

ஃபாதருக்கே ஒரு கணம் புரியவில்லை. "தேங்க்ஸ்டா செல்வா," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு முன்னே தள்ளினார். தப்பித்தோம். கொஞ்ச நேரத்தில் மதியும் அதே காரியத்தைச் செய்தான். இந்த முறை கோல் விழுந்துவிட்டது.

"அறிவிருக்கா, அவருக்குக் குடுக்குற?" என்று செல்வா கத்தினான்.

"நீ குடுக்கலையாடா?" என்று மதி நெஞ்சோடு நெஞ்சு வந்து நின்றான்.

கோட்டுக்கு வெளியே இரண்டு தெருக்காரர்களும் ஓர் அடி முன்னே வந்தார்கள். பிறகு இன்னோர் அடி. யாரோ கார்னர் கொடிக்கம்பைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. பழைய வீடியோவின் புழுதி வாசனை மூக்கில் ஏறியது. பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். சிலிண்டர் அண்ணன் பின்னை உருவிவிட்டு, சிலிண்டரைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். "வேணாம்டா, டேய், வேணாம்டா," என்று அவர் உதடு முணுமுணுத்தது.

எல்லோரும் ஃபாதரையே பார்த்தோம். அவர் வழக்கம்போல நடுவே வருவதற்கு ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு குனிந்து தன் ஜெர்சியின் நிறத்தைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

நடுவர் விசில் ஊதி ஊதி இருவரையும் பிரித்தார். ஆட்டம் தொடங்கியது. பந்து திரும்பவும் செல்வாவிடம் வந்தது. அவன் நடுவே பார்த்தான். ஃபாதர் 'எனக்கு வேணாம்' என்பதுபோலத் தலையை ஆட்டினார். செல்வா அந்தப் பக்கம் பார்த்தான். அங்கே, எதிரணி கோலுக்குக் கிட்டே, மதி மட்டும் நின்றான்.

"பந்து எங்க பாப்பா? ஏன் பேச மாட்டேங்குற?"

"மதிகிட்ட அண்ணே."

"யாரு குடுத்தா?"

"செல்வா."

"நடுவுல யாரு?"

"யாருமில்ல அண்ணே. நேராக் குடுத்தான்."

சிலிண்டர் அண்ணன் திரும்பினார். எதிரணி கோல் பக்கம் பந்து இருக்கும்போது அவர் திரும்பி நான் பார்த்தது அதுதான் முதல்முறை. மதி பந்தைச் செல்வாவுக்கே திருப்பித் தந்தான். செல்வா மறுபடி மதிக்குத் தந்தான்.

"குடுக்குறான்! பாப்பா, குடுக்குறான்! இங்க பாரு, குடுக்குறான்!"

குதித்தார். குதித்தவர் கை லிவரை அமுக்கிவிட்டது. அதன்பிறகு உலகமே வெள்ளை. இருமல் சத்தம், ஹைலைட்ஸ் அலறும் சத்தம், எங்கோ அந்தப் பக்கத்திலிருந்து 'கோல்!' என்று பெரிய சத்தம். மேகம் இறங்கியபோது எங்கள் ஓரம் முழுக்க வெள்ளை மனிதர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். கொடிக்கம்போடு ஒருவர் இருந்தார். அவர் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் இன்னொருவரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கோலா பாப்பா?" என்றார் சிலிண்டர். இமை, மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளை.

"கோல்தான்ணே."

"நீ பாத்தியா?"

"இல்லண்ணே."

ஆக, இன்றுவரை அவர் ஒரு கோலைக்கூடப் பார்த்ததில்லை. செல்வாவும் மதியும் ஒன்றும் உறவாடிவிடவில்லை. பந்து மட்டும் போய் வருகிறது. அது நின்றுவிடுமோ என்று அண்ணனுக்கு வாராவாரம் புதுப் பயம்.

போன மாதம் ஆபிஸ் வேலை இழுத்துக்கொண்டதில் நான் மைதானத்துக்குத் தாமதமாகப் போனேன். தூரத்திலிருந்தே பார்த்தேன். சிலிண்டருக்கு இடப்பக்கம், என் இடத்தில், ஹைலைட்ஸ் நின்று ஆட்டத்தை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பட்டியலில் இல்லாத ஒரு பயம் எனக்கு அப்போது வந்தது. வேகமாக நடந்தேன். கிட்டே போனபிறகுதான் தெரிந்தது, அண்ணன் இரண்டு காதையும் இறுக்கப் பொத்திக்கொண்டு நான் வழக்கமாக வரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.