பெயர் எழுத வேண்டாத படிவம்

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. மின்தூக்கி வர எத்தனை விநாடி, பேருந்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எல்லாம் எனக்குக் கணக்கு. (இது வியாதி என்கிறாள் என் மனைவி. எத்தனை முறை சொன்னாள் என்பதும் என்னிடம் இருக்கிறது.)

அறுபத்து நான்கு வயதில் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் ஆவணம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு வயதைத் தாண்டியவன் என்பதால் ஆண்டுதோறும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான் வேலை. அதற்குப் பதினொரு நாள் இருந்தபோது, ஊழியர்களின் மன அழுத்தத்தை அறிய ஒரு படிவம் வந்தது. பெயர் எழுத வேண்டாம், மனத்தில் இருப்பதை எழுதிப் பெட்டியில் போடுங்கள் என்றார்கள்.

மற்றவர்கள் ‘வேலை அதிகம்’ என்று இரண்டே சொல்லில் முடித்தார்கள். நான் மூன்று நாள் கவனித்து, கட்டம் போட்டு எழுதினேன். மேலாளர் ஹமீது ஒரு நாளில் ‘அர்ஜென்ட்’ என்று சொல்வது முப்பத்தேழு முறை. அவற்றில் உண்மையிலேயே அவசரமானவை இரண்டு. பேனாவால் மேசையைத் தட்டுவது மணிக்கு நூற்றுப் பத்து. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து பேசாமல் நிற்பது ஒன்பது. (அதில் நான்கு முறை எனக்கு விக்கல் வந்தது. அதையும் தனிக் கட்டத்தில் சேர்த்தேன்.)

பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. புக்கிட் பாத்தோக் வீட்டில் அன்று குறட்டை விட்டுத் தூங்கினேனாம்.

மறுநாள் காலை ஹமீது என்னை அறைக்குள் கூப்பிட்டார். என் மகன் வயதுதான் அவருக்கு. மேசைமேல் என் படிவம். பெயரே இல்லாததை எப்படிக் கண்டுபிடித்தார் என்று மலைத்தேன். அவர் காகிதத்தின் அடிப்பகுதியில் விரலை வைத்தார். முப்பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் என்னைக் கவிழ்த்திருந்தது. ‘தயாரித்தவர்’ என்று எழுதி, கையெழுத்திட்டு, பெயர் முத்திரையும் குத்தியிருந்தேன். தேதியோடு.

“அங்கிள், முப்பத்தேழுன்னு போட்டிருக்கீங்க. கொஞ்சம் கூட்டிப் போட்டுட்டீங்களா?”

மன்னிப்புக் கேட்டுப் பிழைத்திருக்கலாம். ஆனால் கணக்கைச் சந்தேகப்பட்டால் எனக்குப் பொறுக்காது.

“குறைச்சுத்தான் சார் போட்டேன். நீங்க போன்ல சொன்னதைச் சேர்க்கல.”

அவர் பேனாவை எடுத்தார். தட்டப் போனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். வேலை போய்விட்டது, வீட்டில் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ஹெட் ஆபீஸ் எனக்கு எத்தனை அர்ஜென்ட் அனுப்புறாங்கன்னு யாரு எண்ணுறது?” என்றார் மெதுவாக. “அடுத்த மீட்டிங்ல நான் அதைக் காட்டணும். இதே மாதிரி ஒரு டேபிள் போட்டுக் குடுங்க. உங்க கான்ட்ராக்ட் நான் பாத்துக்குறேன். ஆனா கீழ உங்க பேரு வேணாம் லா, அங்கிள்.”

இன்னும் ஓராண்டு கிடைத்தது. வீட்டில்தான் இன்றுவரை விடுதலை இல்லை. தேநீரில் சர்க்கரை குறைவு என்று நான் முனகினால் போதும், மனைவி தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்துவிடுவாள்.

“எழுதிக் குடுங்க. கீழ கையெழுத்துப் போட மறந்துடாதீங்க.”

இரண்டு முறை போட்டும் கொடுத்திருக்கிறேன்.