எஞ்சினுக்குப் பூப்போட்டுப் பார்த்த கதை

ஓட்டலில் "இட்லியா, தோசையா?" என்று கேட்டாலே எனக்கு வியர்க்கும். அப்படிப்பட்டவன் ஜப்பானிலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் காரைப் பழசில் வாங்கலாமா? வாங்கினேன். மஞ்சள் நிறம், இரண்டே சீட்டு, தரையோடு தரையாக இருக்கும். (அதில் ஏறுவதென்று கிடையாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். எழுந்து வர இன்னொருவர் கை கொடுக்க வேண்டும்.)

வாங்கிய ஜோரில், பல்லடத்தில் மாமனார் வீட்டில் சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருந்த இடத்தில் வாயை விட்டேன்.

"நம்ம பிரபு கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்பு என்னோட கார்லதானுங்க!"

பிரபு என் மனைவியின் தம்பி. அன்றைக்கே காரைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டான். மண்டப வாசல் ஃபிளெக்ஸிலும் அவனும் காரும்தான். அந்தியூரில் பெண் வீட்டார் வரைக்கும் செய்தி போய்விட்டது. இனி கார் வராவிட்டால் பையன் மானம் போகும். நானும் மாமனார் வீட்டுப் படியேற முடியாது.

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கையில், ஓட்டிக்கொண்டிருந்தபோதே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனது. ஓரங்கட்டலாமா, வீடு வரைக்கும் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். நான் யோசித்து முடிப்பதற்குள் எஞ்சின் முடிந்துவிட்டது.

உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் அப்பாஸ் பாய் எஞ்சினைக் கழற்றிக் கீழே வைத்து உச்சுக்கொட்டினார். "இது இனி ஆகாதுங்க சார். வேற எஞ்சின்தான் மாத்தோணும்."

வழி இரண்டு. ஒன்று, இதே எஞ்சினை ஜப்பானிலிருந்து வரவழைப்பது. அது எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. இரண்டாவது வழி, கோழிப்பண்ணை வைத்திருக்கும் மாமனார் சொன்னது.

"எஞ்சின்தானுங்களே மாப்ள? நம்ம பழைய தீவன வண்டி சும்மா நிக்குது. டீசல் எஞ்சின், கல்லாட்ட இருக்குது. எடுத்துப் போடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஸ்போர்ட்ஸ் காருக்குள் கோழித் தீவன வண்டி எஞ்சினா? என் கௌரவம் என்ன ஆவது?

"அந்த எஞ்சின் இதுக்குள்ள உக்காருமுங்க சார்," என்றார் அப்பாஸ் பாய். "கொஞ்சம் வெட்டி ஒட்டணும். முன்னாடி கனம் கூடும், சத்தம் வரும், ஆர்.சி.யில எழுதி வாங்கணும். ஆனா ஓடும். மூணு வாரம் போதும். முடிவ மட்டும் நீங்க சொல்லுங்க."

அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் செய்தேன். நோட்டில் கோடு போட்டு இரண்டு பக்கமும் சாதக பாதகம் எழுதினேன். பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். கோயமுத்தூரில் எஞ்சினைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. பல் டாக்டர் என் வாய்க்குள் லைட் அடித்தபடி, "டீசலே போடுங்க, இழுவை நல்லா இருக்கும்" என்றார். வாய் திறந்திருந்ததால் மறுத்துப் பேச முடியவில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த என் மனைவி கோகிலா, "பேசாம கோயில்ல பூப்போட்டுப் பாத்துருங்க. பொண்ணு பாக்க, போர் போடவெல்லாம் சாமிகிட்டக் கேக்கறமல்லங்க? இதையுங் கேட்டுப்போடுங்க" என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து, அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் ஜப்பான், சிவப்பு வந்தால் தீவன வண்டி என்று மனதில் வைத்துக்கொண்டேன். சிவப்பு வந்தது.

அம்மனுக்குப் பாவம், ஸ்போர்ட்ஸ் கார் பழக்கமிருக்காது என்று மதுக்கரைப் பக்கம் வேறொரு கோயிலுக்குப் போனேன். அங்கும் சிவப்பு. மூன்றாவது கோயிலில் பூசாரியிடம் விவரத்தை மறைக்காமல் சொன்னேன்.

"ஏனுங்க, டாக்டருகிட்டத்தான் ரெண்டு எடத்துல காட்டுவாங்க. சாமிகிட்டயுமுங்களா?"

ஆனாலும் போட்டார். வெள்ளை! துள்ளிக் குதித்து வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது: சிவப்பு இரண்டு, வெள்ளை ஒன்று. இன்னும் இரண்டு கோயில் பார்த்துவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கல்யாணத்துக்கு மூன்றே நாள் இருந்தது.

அப்போதுதான் அந்த அபாரமான யோசனை உதித்தது. மாப்பிள்ளை ஊர்வலம் நடை வேகத்தில்தானே போகும்? அதற்கு எஞ்சின் எதற்கு? பங்காளிகள் நாலு பேர் தள்ளினால் ஆயிற்று!

அப்பாஸ் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "எஞ்சின் இல்லாம பிரேக் சரியாப் புடிக்காதுங்க. ஸ்டியரிங் திருப்ப உசுரு போகும். எறக்கத்துல மட்டும் எறக்கிப்போடாதீங்க சார்!"

காரை லாரியில் ஏற்றிப் பல்லடம் கொண்டுபோனேன். மண்டபம் இறக்கத்தில் இருந்தது.

சாயங்காலம் ஜமாப் மேளம் முன்னால் போக, என் பக்கத்தில் மாலையோடு பிரபு. எஞ்சின் கனம் இல்லாத காரின் மூக்கு வானத்தைப் பார்த்தது. பங்காளிகள் தள்ளினார்கள்.

"சத்தமே இல்லீங்க மச்சான். எலக்ட்ரிக்குன்னு சொல்லிக்கலாமுங்க!" என்றான் பிரபு, வாயெல்லாம் பல்லாக.

இறக்கம் வந்தது. தள்ளியவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். கார் நிற்கவில்லை. மேளக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். நான் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன்.

"மச்சான், மண்டபம்! மண்டபம் போகுதுங்க!"

ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்ணின் அம்மா, ஃபிளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்த பிரபு என்று எல்லோரும் எங்களைக் கடந்து பின்னால் போனார்கள். அடுத்த மண்டப வாசலில் கிடந்த மணல் குவியலில் முட்டித்தான் கார் நின்றது.

அங்கேயும் ஒரு கல்யாணம். அந்த வீட்டுப் பெண்கள் ஓடி வந்து ஆரத்தி சுற்றிப் பிரபுவுக்குப் பொட்டும் வைத்துவிட்டார்கள். (மாலையோடு வந்து இறங்குபவனை வேறு யாரென்று நினைப்பார்கள்?) பிறகுதான் ஒரு பெரியவர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, நீ யாரூட்டு மாப்ள?"

பிரபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த மணலுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

அப்போது டபடபவென்று ஒரு சத்தம். பந்திக்கு வாழையிலை ஏற்றி வந்திருந்த அதே தீவன வண்டி. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமனாரே ஓட்டி வந்தார். திட்டவில்லை. என் காரில் கயிற்றைக் கட்டினார்.

"ஸ்டியரிங்க மட்டும் புடிங்க மாப்ள. மத்ததை எஞ்சின் பாத்துக்கும்."

அம்மன் இரண்டு தடவை சொன்ன எஞ்சின்தான் கடைசியில் என் காரை இழுத்தது. உள்ளே இருக்க வேண்டியது முன்னால் இருந்தது, அவ்வளவுதான். கல்யாண வீடியோவின் முதல் காட்சியே 'கோழித் தீவனம்' என்று எழுதிய வண்டியும், கயிறும், அதன் பின்னால் நானும்தான். பிரபு அதை வருஷா வருஷம் கல்யாண நாளன்று குடும்ப குரூப்பில் போடுகிறான். எங்கள் சொந்தத்தில் யாராவது புடவைக் கடையில் அரை மணி நேரம் நின்றால்கூட, "என்ன, மூணாவது கோயிலுக்குக் கெளம்பிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

கார் இன்னும் எஞ்சின் இல்லாமல்தான் நிற்கிறது. போன வாரம் மாமனார் போன் செய்தார்.

"மாப்ள, தீவன வண்டியப் பழைய இரும்புக்குப் போடறேனுங்க. எஞ்சின் வேணுங்களா? கடைசியாக் கேக்கறேன்."

"ரெண்டு நாள் டைம் குடுங்க மாமா" என்றேன்.

சமையலறையிலிருந்து கோகிலாவின் குரல் வந்தது.

"எந்தக் கோயிலுக்குங்க?"