ஆப் ஒன்று, இரவில், சாப்பாட்டுக்குப் பின்

"இது மாத்திரையா, பாணியா?" மருந்துக்கடை மொஹிதீன் நானா டாக்டர் எழுதிய துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆப், நானா. தூக்கம் வர்றதுக்கு போன்ல போடுறது. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு."

"அப்ப போன் கடைக்குப் போங்களேன். பதுளையில அதுக்கா பஞ்சம்?"

புவனேந்திரனுக்கு அழுகை வராத குறை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் கணக்கப்பிள்ளை. தூக்கம் அவரை விட்டுப் போய் மாதக்கணக்காகிறது. போன வாரம், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் அரைக் கண்ணோடு நின்று, கொழுந்து பறிக்கப் போக வேண்டிய பெண்களைக் கவ்வாத்து வெட்டிய மலைக்கு அனுப்பிவிட்டார். இலையே இல்லாத மலையில் கூடையோடு நின்று அவர்கள் சிரித்த சிரிப்பு லயம் வரைக்கும் கேட்டது. தோட்டத்துத் துரை மட்டும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜேர்மனியிலிருந்து மச்சான் தினேஸ் போனில் வந்தான். "இங்க தூக்கத்துக்கு டாக்டரே ஆப் எழுதிக் குடுப்பாரு மச்சான். காசு இன்சூரன்ஸ் கட்டும்."

தனக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறதே! டாக்டரைக் கெஞ்சித் துண்டு வாங்கினார். துண்டு போதாது, மருந்துக்கடை பில்லும் வேண்டும் என்றார்கள் இன்சூரன்ஸ்காரர்கள். நானா கடைசியில் இரக்கப்பட்டு ஒரு பில் போட்டார்: "ஆப் ஒன்று. இரவில், சாப்பாட்டுக்குப் பின்."

அதுவே வினையாகிப் போனது.

"காலாவதித் திகதி இல்லியே சேர்?" இன்சூரன்ஸ் கந்தோரில் ஸஜீதா கேட்டாள்.

"இது காலாவதியாகாத சாமான் தங்கச்சி."

"அப்ப இது மருந்தில்லையே. வேற நாடுகள்ல எப்பிடிக் குடுக்குறாங்கன்னு எழுதிட்டு வாங்க. மேனேஜர்ட்ட பேச நேரம் எடுத்துத் தாறேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டால் அவர் புவனேந்திரன் இல்லையே! நாடு நாடாகத் தேடி எழுத உட்கார்ந்தார். முன்பு விடியும் நேரத்திலாவது கொஞ்சம் கண் அயரும், இப்போது அதுவும் போச்சு.

மனைவி ஜீவராணி தலையில் அடித்துக்கொண்டாள். "தூங்க வழி தேடுறேன்னு முழிச்சுக்கிட்டு இருக்கிற மனுசன இப்பதான் பாக்குறேன்!"

அவருக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் பிரான்ஸைப் பற்றி எழுதியது பாதியில் நின்றது, விட மனசில்லை. மறுநாள் பெரட்டில், செத்துப்போன கங்காணியின் பெயரைக் கூப்பிட்டு, "ஏன் வரல்ல?" என்றும் கேட்டுவைத்தார்.

"தூங்கிட்டு வா. இல்லாட்டி திங்கக்கிழமை வேலைக்கே வராத" என்றார் துரை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அஸீஸ் முன்னால் போய் நின்றார். மேனேஜர் ஒரு சிடுமூஞ்சி. "சுருக்கமா சொல்லுங்க."

சுருக்கம் புவனேந்திரனுக்குப் பிறவியிலேயே வராது. கற்றையைப் பிரித்து வாசித்தார்.

"ஜேர்மனியில பட்டியல்ல இருக்கிற ஆப்புக்குத்தான் காசு. பலன் இருக்குன்னு நிரூபிக்க ஒரு வருசம் தவணையும் குடுப்பாங்க. பிரான்சிலயும் முன்கூட்டியே ஒரு வருசம் காசு குடுத்துப் பாப்பாங்க. இங்கிலாந்துல நிபுணர் குழு ஆதாரத்த அலசி சிபாரிசு பண்ணும், ஆனா வாங்குறதா இல்லையாங்கிறது..."

மேனேஜரின் தலை மெல்ல ஆடியது. ஒத்துக்கொள்கிறார்! புவனேந்திரன் உற்சாகமாகப் பெல்ஜியத்துக்குள் நுழைந்தார். "பெல்ஜியத்துல மூணு படி இருக்கு. மேல்படிக்கு ஏறுன ஆப்புக்குத்தான்..."

குறட்டை கேட்டது. நிமிர்ந்தால், பக்கத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த ஸஜீதாவும் மேசையில் கன்னம் வைத்துக் கிடந்தாள். அந்த அறையில் தூங்காத ஒரே ஜீவன் அவர்தான். கஷ்டப்பட்டு எழுதியதை வீணாக்க மனசு வராமல் முடிவுரை வரைக்கும் வாசித்துத் தீர்த்தார்.

மேனேஜர் விழித்தபோது பகல் பஸ் போய்விட்டிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "மன்னிச்சுக்கங்க, இங்க அதுக்குச் சட்டம் இல்ல. காசு குடுக்க ஏலாது."

அவ்வளவுதான். திங்கட்கிழமை பெரட்டில் வேறு யாரோ பெயர் கூப்பிடுவார்கள். புவனேந்திரன் வெளிப்படியில் உட்கார்ந்து வெட்கத்தை விட்டு அழுதார்.

கந்தோரில் தேத்தண்ணி போடும் ஸகீனா, தன் போனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஐயா, நோம்பு முடிஞ்ச நாள்ல இருந்து எங்க மேனேஜர் சேர் தூக்கமில்லாம எங்கட உசுர வாங்குறாரு, அந்தப் பெல்ஜியத்த மட்டும் இதுல ஒருக்கா பேசிப் பதிஞ்சு தாங்க, காசு நாங்க சேத்துத் தாறோம்!"