கடைக்குப் பெயர் வைத்தது தொடர்பாக

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய வீட்டம்மா அவர்களுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீ, மகள், மாப்பிள்ளை, புதிதாக வந்திருக்கும் பேத்தி எல்லோரும் நலம் என்று போனில் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பிறகு எதற்குக் கடிதம் என்பாய். போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை வணக்கம் சொல்கிறார், குழந்தை கத்துகிறது, சம்பந்தியம்மா இருமுகிறார். அத்தனை பேருக்கு நடுவில் ஒரு மனுஷன் என்னத்தைப் பேசுவான்? வேலையில் இருந்த காலமெல்லாம் கடிதம் எழுதியே பிழைத்தவன் நான். எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

பொருள்: உன் அழகு நிலையத்துக்குப் பெயர் வைத்தல். பார்வை: ஆட்டோவில் ஏறும்போது நீ சொன்னது. "என் பேரும் வேணாம், புள்ளைங்க பேரும் வேணாம். நீங்களே நல்லதா ஒண்ணு யோசிச்சு போர்டு எழுதி வைங்க. நான் வந்ததும் திறந்துடலாம்."

யோசித்தேன். முன்னறையில் நீ வாங்கிப் போட்டிருக்கிற ஏறி இறங்கும் நாற்காலியில் உட்கார்ந்தே யோசித்தேன். மிதியைக் கொஞ்சம் ஓங்கி மிதித்துவிட்டேன் போலிருக்கிறது, ஏறினது இறங்க மாட்டேன் என்கிறது, இப்போது கால் தரையில் படாமல்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. முதலில் 'ஒப்பனைக் கூடம்' என்று முடிவு செய்து பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொன்னேன். "நாடகக்காரங்க வந்து மீசை ஒட்டிவிடச் சொல்லுவாங்க அண்ணே" என்றாள். சரி, 'புதுமுகம்' என்றேன். "சினிமாவுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு பசங்க வரிசையில நிப்பாங்க." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்து 'திருத்தம்' என்ற பெயரைக் கண்டுபிடித்தேன். நீ புருவம் திருத்துகிறவள், நான் கோப்பு திருத்தியவன், நம் இருவருக்கும் பொதுவான சொல் என்று எனக்குள்ளே ஒரே பெருமை. அவள் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்: "பொம்பளைங்களைப் பார்த்து 'நீ திருந்தணும்'னு போர்டு வெச்சா எவ உள்ள வருவா?"

இந்த நிலைமையில் போர்டு எழுதுபவர் ஏணியோடு வந்து நின்றுவிட்டார். கீழ் வரியை, அதாவது 'அழகு நிலையம், பெண்களுக்கு மட்டும்' என்பதை எழுதிக்கொண்டிருங்கள், மேல் வரி யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே வந்தேன். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். தலை அலசும் புதுத் தொட்டியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்போமே என்று, இருக்கிற நாலு முடிக்கு ஷாம்பூ போட்டுக் குனிந்தேன். நுரை கண்ணில் இறங்கிவிட்டது. துண்டைத் தேடிக் கை துழாவுகிறது, வாய் பழக்கத்தில் கத்துகிறது: "இங்க பாரு! இங்க பாரு!"

நீ துண்டோடு வரவில்லை. எப்படி வருவாய்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் போர்டில் பெரிய சிவப்பு எழுத்தில் 'இங்க பாரு' என்று இருக்கிறது. "மேல என்ன எழுதணும்னு கேட்டேன், நீங்கதான் சார் சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னதால பெருசா எழுதிட்டேன்" என்கிறார் அவர். தையல்காரம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, இது நீங்க அண்ணியைக் கூப்பிடறதாச்சே! தெருவுக்கே தெரியுமே!" எனக்கு மானம் போயிற்று. நாளைக்கே வந்து அழித்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆகவே நல்ல பெயராக ஒன்று நீயே பதில் எழுதவும்.

இன்னொரு விஷயம். போன வாரம் போனை வைக்க மறந்துவிட்டீர்கள். மகள் "அம்மா, பேசாம இங்கயே ஒரு கடை போட்டுடேன்" என்றது என் காதில் விழுந்தது. நீ "பார்க்கலாம்" என்றாய். உன் 'பார்க்கலாம்' முக்கால்வாசி சம்மதம் என்பது எனக்குத் தெரியாதா? அதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. குழந்தைக்கு நீ வேண்டும். நான் சமைக்கிறேன், துவைக்கிறேன், மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். சுவர் முழுக்க நீ மாட்டிய கண்ணாடிதான் கொஞ்சம் தொந்தரவு. பேப்பரில் ஏதாவது வேடிக்கையாகப் படித்தால் "இங்க பாரு" என்று சொல்லிவிடுகிறேன். நிமிர்ந்தால் அதில் நான்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மற்றபடி ஒரு குறையும் இல்லை. அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். சம்பந்தியம்மாவின் இருமலை விசாரித்ததாகச் சொல்லவும். பேத்திக்கு நெற்றியில் ஒரு முத்தம். தூங்கினால் எழுப்பிவிடாதே.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நான்தான்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் போர்டுக்காரர் டர்பன்டைனும் துணியுமாக வந்துவிட்டார். அவர் ஏணியில் ஏறும் நேரம் பார்த்து ஒரு பெண் வாசலில் நின்று, போர்டைப் பார்த்துச் சிரித்து, "கடை திறந்தாச்சா?" என்றாள். "வீட்டம்மா ஊருக்குப் போயிருக்கா, வந்ததும் திறந்துடுவா" என்றேன். "எப்போ வருவாங்க?" என்றாள். அழிக்க வேண்டாம் என்று போர்டுக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மேலே 'அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம்' என்று எழுதியிருப்பதைத் திருத்திப் படிக்கவும். இங்க பாரு, சீக்கிரம் வந்துடு.