மீனாவின் பச்சை பெல்ட்டும் என் மணிக்கட்டும்

நாற்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை திடீரென்று புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கிளம்பினால், அவன் பின்னால் ஒன்று டாக்டர் நிற்பார், இல்லையென்றால் பொண்டாட்டி நிற்பாள். என் பின்னால் இரண்டு பேரும் நின்றார்கள். ஆனால் டாக்டர் தினமும் நடக்கத்தான் சொன்னார். கராத்தே என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

கோட்டையூரில் எனக்குச் சின்னதாக ஒரு மோட்டார் கடை. கருகிப்போன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக் கொடுப்பது தொழில். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். என் உடம்பில் ஒழுங்காக வளர்ந்த ஒரே பாகம் தொப்பைதான்.

என் மனைவி அழகுமீனா காரைக்குடியில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டன்ட். தினமும் ஸ்கூட்டரில் போய் வருவாள். ஒருநாள் சாயங்காலம் ரயில்வே கேட்டைத் தாண்டி வரும்போது, பைக்கில் வந்த இரண்டு பேர் அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். சங்கிலியை ஜாக்கெட்டோடு சேர்த்துப் பின் குத்தியிருந்ததால் அது தப்பியது. கழுத்தில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு. அதில் நான் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன்.

“விடு மீனா, சாமி காப்பாத்திருச்சு. சங்கிலிதான் போகலையே” என்று ஆறுதலும் சொன்னேன்.

அவள் மறுநாளிலிருந்து கேட் ரோட்டை விட்டுவிட்டுப் பெரிய ரோட்டில் சுற்றி வர ஆரம்பித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மகள் தர்ஷினியைக் கராத்தே வகுப்பில் விடப் போனவள், தானும் ஒரு வெள்ளை உடுப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். நான் சிரித்தேன். (சிரித்ததற்கான பலன் பின்னால் வருகிறது.)

ஒரு வருஷத்துக்குள் அம்மாவும் மகளும் ஆரஞ்சு பெல்ட்டுக்குப் போய்விட்டார்கள். வெள்ளையில் ஆரம்பித்து மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, பிரவுன் என்று ஏறிக் கறுப்பில் முடிகிற படிக்கட்டு அது. வீட்டில் தோசை ஊற்றும்போதுகூட மீனா முட்டியை மடக்கித்தான் நின்றாள். இரண்டு பேரும் ஜப்பான் மொழியில் ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டு கூடத்தில் அங்குட்டும் இங்குட்டும் போகும்போது, சோபாவில் உட்கார்ந்திருக்கிற எனக்கு ஏதோ வெளிநாட்டு வீட்டில் வாடகைக்கு இருப்பது மாதிரி தோன்றியது. அந்த நேரம் பார்த்து டாக்டரும் சர்க்கரை என்று சொல்லவே, நானும் சேர்ந்துவிட்டேன்.

கராத்தேயில் வயசுக்கு மரியாதை கிடையாது. இடுப்பில் கட்டியிருக்கிற துணியின் நிறத்துக்குத்தான் மரியாதை. நிறத்தின்படிதான் வரிசையில் நிற்க வேண்டும். மீனாவும் தர்ஷினியும் முன்னால். நான் கடைசியில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு. வகுப்பு தொடங்கும்போது முன்னால் நிற்பவர்களைப் பார்த்துக் குனிந்து “ஓஸ்” என்று வணங்க வேண்டும். அதாவது, பெற்ற மகளை. அவளும் வஞ்சனையில்லாமல் தலையாட்டி ஏற்றுக்கொள்வாள்.

வகுப்பை நடத்தியது பிரிட்டோ மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். பொறுமையின் சிகரம். ஆனால் எனக்குக் கால் வைக்கச் சொல்லிக்கொடுத்ததில் அந்தச் சிகரமே ஆட்டம் கண்டது. கடைசியில் மீனாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. கல்லுக்குக் கல் பூ.

“இந்தப் பூவுல வலது காலு. அந்தச் செவப்புப் பூவுல எடது காலு. சாமி ரூமைப் பாத்து நடந்தா முன்னால, அடுப்படியப் பாத்து நடந்தா பின்னால. இவ்வளவுதான். வெளங்குச்சா?”

விளங்கியது. பூவைப் பார்த்துக் கால் வைத்தால் நான் புலி. தர்ஷினியே “அப்பா, பரவால்லப்பா” என்றாள்.

பெல்ட் தேர்வு காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தேர்வு நடத்த மதுரையிலிருந்து வந்தவரைப் பெரிய மாஸ்டர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவரை மேடையில் மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் பெண்ணுக்கான நாற்காலி காலியாக இருந்தது. முந்தைய நாள் கல்யாணத்தின் சாமந்திப் பூ இன்னும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

நான் வெள்ளை உடுப்பும் வெள்ளை பெல்ட்டுமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் நுழைந்தேன். மண்டபத்து வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “வாங்க மாஸ்டர்!” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குனிந்து ஒரு “ஓஸ்” வைத்தேன்.

“டிபனு எத்தன மணிக்கு மாஸ்டர் எறக்குவீக? கேஸ்காரன் வந்து நிக்கிறான்” என்றார் அவர்.

(அந்த உடுப்பில் மற்றவர்கள் வீரர்கள் மாதிரி இருந்தார்கள். நான் சமையல் மாஸ்டர் மாதிரி இருந்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.)

முன்வரிசையில் மீனாவின் அண்ணன் கண்ணப்பன் மச்சான் உட்கார்ந்திருந்தார். தங்கச்சியும் மருமகளும் பெல்ட் வாங்குவதைப் படம் எடுக்க, தேவகோட்டையிலிருந்து புது போனோடு வந்திருந்தார். நான் பரீட்சை எழுதுவது அவருக்குத் தெரியாது. உடுப்பில் என்னைப் பார்த்ததும் போனைக் கீழே இறக்கினார். பிறகு, “நீங்களுமா மாப்ள?” என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்டார்.

என் முறை வந்தது. குனிந்து தரையைப் பார்த்தேன். மண்டபம் முழுக்க ஒரே நிறத்தில் வழுவழுவென்று கிரானைட். ஒரு பூ இல்லை. சாமி ரூம் எந்தப் பக்கம், அடுப்படி எந்தப் பக்கம் என்று எந்த அடையாளமும் இல்லை. எல்லாரும் வலப்பக்கம் திரும்பியபோது நான் இடப்பக்கம் திரும்பி, ஒரு சின்னப் பையனோடு மூக்கும் மூக்குமாக நின்றேன். அவன் மரியாதையாக “ஓஸ்” சொன்னான்.

அதோடு விட்டிருந்தால் நான் பாட்டுக்குத் தோற்று, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பேன். ஆனால் பச்சை பெல்ட்டுக்கான தேர்வில் மீனாவோடு ஜோடி சேர வேண்டிய கல்லூரிப் பெண்ணுக்குக் காய்ச்சல். வரவில்லை. மீனாவின் உயரத்துக்குப் பெரிய ஆள் வேறு யாரும் இல்லை. பிரிட்டோ மாஸ்டர் மண்டபம் முழுக்கக் கண்ணை ஓட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தார்.

“சார், நீங்கதான் வரணும். சும்மா குத்துனாப் போதும், மத்தத அவுக பாத்துக்குவாக.”

விதி எளிதானதுதான். நான் “ஜோடான்!” என்று கத்த வேண்டும். முகத்துக்குக் குத்து வருகிறது என்று முன்கூட்டியே அறிவிப்பது அது. (திருடர்களுக்கு இந்த நாகரிகம் கிடையாது.) பிறகு நான் முன்னால் ஒரு எட்டு வைத்துக் குத்த, அவள் பின்னால் ஒரு எட்டு வைத்து என் கையை மேலே தட்டிவிட வேண்டும். இப்படி மூன்று முறை. மூன்றாவதைத் தட்டியதும், அவள் என் வயிற்றைப் பார்த்துத் திருப்பிக் குத்தி, தொடாமல் நிறுத்த வேண்டும்.

நான் மீனாவுக்கு எதிரே போய் நின்றேன். மச்சான் போனைத் தூக்கினார்.

“மாப்ள, பாத்து. எங்க வீட்டுப் புள்ள” என்றார்.

மண்டபம் சிரித்தது. எனக்கு வேர்த்தது. “ஜோடான்!” என்று கத்தினேன். குத்தினேன். மீனா விதிப்படி பின்னால் ஒரு எட்டு வைத்தாள். நானும் பின்னால் ஒரு எட்டு வைத்தேன். மறுபடியும் “ஜோடான்!” அவள் பின்னால். நானும் பின்னால். மூன்றாவது குத்தின்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்கு இடைவெளி.

பெரிய மாஸ்டர் வெல்வெட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சார், நீங்க முன்னால போகணும்! அவங்கதான் பின்னால போகணும்!”

“மன்னிச்சுக்கங்க சார்” என்றேன். “வீட்டுப் பழக்கம்.”

சத்தியமாக, அவள் பின்னால் வைத்தால் நானும் கூடவே பின்னால் வைக்கிற அந்தப் பூக்கல் பயிற்சியைத்தான் சொன்னேன். மண்டபம் வேறு மாதிரி புரிந்துகொண்டது. முன்வரிசைப் பெண்கள் கை தட்டினார்கள்.

இரண்டாவது வாய்ப்பு கொடுத்தார்கள். இந்த முறை முன்னால்தான் போனேன். ஆனால் மீனாவின் முகம் கிட்டே வந்ததும் கை தானாகத் தளர்ந்துவிட்டது. கட்டிய பெண்டாட்டி முகத்தில், அவள் அண்ணன் பார்த்திருக்க, எப்படி ஐயா குத்துவது?

“என்ன சார் இது, திருநீறா பூசுறீங்க?” என்றார் பெரிய மாஸ்டர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. “குத்து வராம இவங்க தடுத்தாங்கன்னு நான் எப்படி மார்க் போட முடியும்? இன்னும் ஒரு தடவைதான். இல்லேன்னா இவங்களுக்குப் பச்சை கிடையாது.”

மீனா என்னிடம் வந்தாள். என் பெல்ட்டைச் சரி செய்வது போலக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

“என்னங்க, அன்னைக்கு என் கழுத்துல கை வச்சவன் இப்புடித்தான் மெதுவா வச்சானா?”

நான் அவளைப் பார்த்தேன்.

“பெல்ட்டு கெடக்கட்டும். அன்னைக்கு எனக்குக் கையே எந்திரிக்கல. வண்டியில மரம் மாதிரி ஒக்காந்திருந்தேன். இப்ப எந்திரிக்குமான்னு எனக்குத் தெரியணும். நீங்க நெசமா வாங்க.”

அந்தச் சிவப்புக் கோடு மறைந்து எத்தனையோ நாளாகியிருந்தது. கோட்டோடு விஷயமும் மறைந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சங்கிலி போகவில்லையே என்று நான் ஆறுதல் சொன்ன அன்றைக்கு, அவளுக்குப் போயிருந்தது வேறு ஏதோ. அது எனக்கு அந்தக் கல்யாண மண்டபத்தில், இடுப்பில் அவள் முடிச்சை இறுக்கும்போதுதான் உறைத்தது.

“சரி” என்றேன்.

“ஜோடான்!” முன்னால் போனேன். உண்மையாகவே குத்தினேன். படாரென்று என் கை மேலே பறந்தது. “ஜோடான்!” மறுபடியும் பறந்தது. முழங்கை வரை விண்ணென்று தெறித்தது. மீனாவின் கண்ணில் நான் இல்லை. அந்தக் கண்ணைப் பார்த்தபோது, பைக்கில் வந்த அந்த இரண்டு பேருக்காக எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

மூன்றாவது முறை இருந்த பலத்தையெல்லாம் திரட்டிப் பாய்ந்தேன். அவள் தட்டிவிட்டுத் திருப்பிக் குத்தினாள். அவள் மீது குற்றமே இல்லை. விதிப்படி என் வயிற்றுக்கு ஒரு விரல்கடை முன்னால் முஷ்டியை நிறுத்திவிட்டாள். நிறுத்தத் தெரியாதவன் நான்தான். ஓடி வந்த வேகத்தில் என் தொப்பை நேராகப் போய் அவள் முஷ்டியில் மோதியது.

கடைசிக் குத்துக்கு ஒரு வீர முழக்கம் போட வேண்டும் என்பது கராத்தே மரபு. மீனா போடுவதற்குள் நான் போட்டுவிட்டேன்.

“ஆத்தாடீ!”

மண்டபத்தின் மூலைமுடுக்கெல்லாம் கேட்டது. சமையல்கட்டிலிருந்து கேஸ்காரர் ஓடி வந்தார். நான் மல்லாக்கப் போய்க் கிரானைட் தரையில் கையை ஊன்றி விழுந்தேன். ஊன்றிய கையில் மளுக்கென்று ஒரு சத்தம்.

மச்சான் போனோடு நடுவுக்கே ஓடி வந்துவிட்டார். என்னைத் தாண்டிப் போய், “ஏத்தா மீனா, ஒனக்குக் கை கிய் வலிக்குதா?” என்று கேட்டார். (வீடியோவில் இது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.)

பெரிய மாஸ்டர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். மீனாவுக்குப் பச்சை. “இவருக்கு மஞ்சள் இப்ப வேண்டாம். முதல்ல எது முன்னால, எது பின்னாலன்னு படிக்கட்டும்.”

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் இளவட்டம். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் கீறல் விட்டிருக்கிறது என்றார். “எப்படி விழுந்தீங்க?”

“வீட்டுக்காரி குத்துனா சார். விழுந்துட்டேன்.”

டாக்டர் மீனாவை நிமிர்ந்து பார்த்தார். அவள் புதுப் பச்சை பெல்ட்டோடு கதவோரம் நின்றாள். அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “சார், பயப்படாம சொல்லுங்க. எத்தன நாளா நடக்குது?” என்றார்.

“தெனமும் இல்ல சார். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைதான்.”

அவர் முகத்தில் தெரிந்த இரக்கத்தை இந்தப் பிறவியில் மறக்க மாட்டேன். விளக்கிச் சொல்லி வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தர்ஷினியை மச்சான் காரில் அனுப்பிவிட்டு, மீனா என்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தாள். பொழுது மசங்கிய நேரம். பெரிய ரோட்டுக்குப் போகாமல், ரயில்வே கேட் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

“என்ன மீனா, இங்குட்டுப் போற?”

“இங்குட்டுத்தானே பக்கம்” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் உட்கார்ந்து வந்தேன். வலித்தது. ஆனால் அந்த ரோடு நன்றாக இருந்தது.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் வீடியோ வந்து சேர்ந்திருந்தது. மச்சானின் வாட்ஸப்பில் தொடங்கி தேவகோட்டை, சிவகங்கை, சிங்கப்பூர் வரைக்கும் சொந்தபந்தம் எல்லாம் பார்த்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் இப்போது “ஆத்தாடி போடுறது” என்று தனியாக ஒரு வினைச்சொல்லே உண்டு. சீட்டாட்டத்தில் தோற்றாலும், பேச்சுவார்த்தையில் இறங்கிப் போனாலும், மூன்றாவது தோசைக்கு மேல் சாப்பிட முடியாமல் கையெடுத்தாலும் “ஆத்தாடி போட்டாச்சு” என்பார்கள். போன மாதம் ஒரு காதுகுத்து விழாவில், முன்பின் தெரியாத ஒரு அம்மா தன் வீட்டுக்காரரிடம் என்னைக் கை காட்டி, “அந்தா, அவுகதான்” என்றார். எதற்கு “அவுகதான்” என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மீனா இப்போது பிரவுன் பெல்ட். நானும் எப்படியோ மஞ்சளுக்கு வந்துவிட்டேன். ஆனால் என் உண்மையான சாதனை அதுவல்ல. சென்ற தேர்வுக்குப் பெரிய மாஸ்டர் மறுபடியும் மதுரையிலிருந்து வந்திருந்தார். கடைசி வரிசைச் சின்னப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரே குத்தாகக் குத்தி, தொண்டை கிழிய “ஆத்தாடீ!” என்றார்கள்.

பெரிய மாஸ்டர் திடுக்கிட்டு, “பிரிட்டோ, இது என்ன முழக்கம்? ஜப்பான்ல எந்தப் பள்ளியில இருக்கு இது?” என்று கேட்டார்.

பிரிட்டோ மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் கையைக் காட்டினார். “நம்ம காரைக்குடிப் பள்ளி சார். அந்தா நிக்கிறாகள்ல, அவுகதான் ஆரம்பிச்சு வச்சாக.”

பெரிய மாஸ்டர் என்னைப் பார்த்தார். முன்வரிசையில் நின்ற மீனாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. அவர் பிரிட்டோ மாஸ்டர் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“பசங்களுக்கு நல்லாத்தான் சத்தம் வருது. மாத்த வேணாம், இருக்கட்டும்.”