தலைமுறை அண்ணையும் விசாலாட்சி அக்காவின் வேலியும்

தன் கொள்ளுப்பாட்டன் பெயர் தெரியாதவர்கள் தீவுப்பகுதியில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் தன் காரின் கொள்ளுப்பாட்டனுக்கு விளக்கு வட்டமா சதுரமா என்று தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சரவணை ஊரில் வாடகைக் கார் ஓடினார். தலைமுறை அண்ணை என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வழி காட்ட ஆளில்லை.

காரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதே காரை ஒருகாலத்தில் வைத்திருந்த மாமாமார் எல்லோரும் எனக்குத் திருத்தம் எழுதுவார்கள். யப்பானில் பிறந்தது, பெரிதுமல்ல, சிறிதுமல்ல, ஒரு குடும்பமும் ஒரு பலாப்பழமும் ஏறலாம்.

அண்ணையிடம் இருந்தது இரண்டாம் தலைமுறை. சண்டையால் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய் குடித்துப் பழகியதால், பிறகு பெற்றோல் கொடுத்தபோது பத்தியம் முறிந்ததுபோல இருமியது. ஏறியவர்களுக்கு வரலாறு இலவசம். முதலாம் தலைமுறை மெலிவு, மூன்றாவதற்கு மூக்கு நீண்டது, ஐந்தாவதில் பின்சக்கரத்துக்குப் பதில் முன்சில்லு இழுக்கத் தொடங்கியது என்று போகும். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போன ஒருத்திக்கு நாலாம் தலைமுறையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. ஐந்தாவது வரை இருந்து கேட்க அதற்குப் பொறுமை இல்லை.

சமாதான காலத்தில் கொழும்புப் பாதை திறந்தது. கனடா மச்சான் கைகொடுக்க, அண்ணை பழையதை விற்றுவிட்டுக் கொழும்பில் ஏழாம் தலைமுறையை வாங்கி ஓட்டிவந்தார். எல்லாம் மனைவி பூமணி அக்காவுக்காக. அவருக்கு முழங்கால் வருத்தம், கிழமைதோறும் கிளினிக். வாசலில் ஏற்றி வாசலில் இறக்கவேண்டும். வந்த கார், வீட்டுக்குப் போகும் ஒடுக்கமான ஒழுங்கையின் வாயிலேயே நின்றுவிட்டது. உள்ளே போகாது.

தலைமுறைக்குத் தலைமுறை கார் நாலு விரல் அகலித்தது என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், தன் ஒழுங்கையை அளக்க மறந்துவிட்டார். ஒழுங்கையும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் காணி விசாலாட்சி அக்கா வேலி அடைக்கும்போதெல்லாம் வேலிக்கம்புகளான கதியால்கள் ஒழுங்கைப் பக்கம் சற்றே நகர்ந்தபடி இருந்தன. எங்கள் ஊரில் கதியால் நடக்கும். பின்னால் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

பூமணி அக்காவுக்குக் கிளினிக் தவறத் தொடங்கியது. நாலு புத்தகம் படித்தவன் என்று என்னைத் தூது அனுப்பினார்கள். உலக சமாதானம் பற்றிப் படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். விசாலாட்சி அக்கா அரிசி புடைத்தபடி கேட்டுவிட்டு, நான் நிற்பது யாருடைய காணி என்று மட்டும் விசாரித்தார். பிறகு அண்ணையே வேலியோரம் போய் ஏழு தலைமுறையையும் ஒப்புவித்தார்.

"கார் வளருதெண்டா யப்பான்காரனிட்டைக் கேளும். என்ர காணி வளரேல்லை," என்றார் விசாலாட்சி அக்கா.

மறுநாள் அண்ணை பக்கக் கண்ணாடிகளை மடக்கி, தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு காரை உள்ளே விட்டார். பாதியில் இறுகியது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை, கதவு திறக்கவும் இடமில்லை. கூட்டம் கூடியது. அவர் யன்னலை இறக்கி, ஏழாம் தலைமுறையில் யன்னல் மின்சாரத்தில் இறங்கும் என்று விளக்கினார்.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து பூமணி அக்கா வந்தார். ஒரு கையில் தேத்தண்ணி. மறு கையால் கதியால் கதியாலாகப் பிடித்து, பல்லைக் கடித்தபடி நடந்தார். கார் முகப்பில் கோப்பையை வைத்துவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் அண்ணை திறக்காத கதவைத் தள்ளிப் பார்த்தார். அவர் வாயில் ஒரு தலைமுறையும் வரவில்லை.

வேலிக்கு அப்பால் நின்ற விசாலாட்சி அக்கா உள்ளே போனார். கத்தியோடு வந்தார். கூட்டம் பின்வாங்கியது.

"உந்த மனுசனுக்காக இல்லை," என்று முதல் கதியாலை வெட்டினார். "பூமணி, நீ வாசலிலை நிண்டு ஏறு. நானும் வாறன், பிறசர் பாக்கோணும்."

அதன்பின் கிழமைதோறும் பின்சீற்றில் இருவர். கொஞ்ச நாளில், தலைமுறை வரலாற்றில் அண்ணை மறந்த இடங்களை விசாலாட்சி அக்கா எடுத்துக்கொடுக்கத் தொடங்கினார்.

அவர் வேலியைத் திரும்ப அடைத்தபோது ஊரே எட்டிப் பார்த்தது. கதியால்கள் ஒரு சாண் உள்ளே, அவருடைய காணிக்குள் நின்றன. அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, எட்டாம் தலைமுறை வந்திட்டுதாம். இன்னும் நாலு விரல் கூட. விசாலாட்சியிட்டைச் சொல்லிப்போடாதையும்."

நான் சொல்லவில்லை. அவரும் கடைசிவரை ஏழாவதையே ஓட்டினார். விசாலாட்சி அக்காவிடம் இன்னொரு முறை வழி கேட்க மனம் வரவில்லையாம். இப்போதும் எங்காவது தெருவில் அந்த எட்டாம் தலைமுறை வந்தால், தேவைக்கு மேலேயே ஒதுங்கி வழி விடுகிறேன்.