மாப்பிள்ளை காருக்கு நொரை ஏற்றிய குளிர்

என்னைப் பார்த்து "வாயை மூடுங்க" என்று சொல்லும் தைரியம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒருத்தனுக்குத்தான் உண்டு. அவன் பெயர் நொரை. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மஸ்கட்டில் கார் ஏசி வேலை பார்த்துவிட்டு இலுப்பூருக்குத் திரும்பியவன். கேஸ் கசிகிறதா என்று பார்க்க ஒரு வாளி சோப்பு நுரை எப்போதும் கையில் இருக்கும். காருக்கு மட்டும் தடவினால் பரவாயில்லை. காப்பி குடிக்க வந்தால் அடுப்படி சிலிண்டருக்குத் தடவுவான், குக்கர் மூடிக்குத் தடவுவான். ஒருமுறை தெருவில் போன தபால்காரரை நிறுத்தி, சைக்கிள் டயரில் நுரையைப் பூசி, "சார், கொப்புளம் விடுது, தள்ளிக்கிட்டே போங்க" என்று அனுப்பிவைத்தான்.

அவனுக்குப் பட்டறை கிடையாது. நம் வீட்டுக்கு வந்துதான் வேலை செய்வான். கார்க்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவான். "ஒங்களுக்கே அக்கறை இல்லாத வண்டிக்கு நா எதுக்குக் குனியணும்?" என்பான்.

நான் மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லாரி கிளீனராக ஆரம்பித்து இன்றைக்கு நாலு போர்வெல் லாரிக்கு முதலாளி. நான் வாங்கிய முதல் கார், ஒரு வெள்ளைக் கார், இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வைகாசியில் என் மகள் கல்யாணம். ஆவுடையார்கோவில் மாப்பிள்ளையை அந்தக் காரில் நானே ஓட்டி அழைத்துவருவதாகச் சொல்லியிருந்தேன்.

சம்பந்தி போனில் கேட்டார்: "ஏசி உண்டுல்லங்க? இல்லாட்டி எங்க வண்டியிலயே வந்துர்றோம்."

"ஐஸ் மாதிரி இருக்கும், சம்பந்தி!" என்றேன். ஏசி செத்து ஆறு வருஷம்.

திருச்சியில் ஏறி இறங்கிய பட்டறையெல்லாம் ஒரே பாட்டு. "அந்தப் பழைய கேஸ் இப்ப வர்றதே இல்லய்யா. காயலான் கடைக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க." வேற வாங்க எனக்கு வக்கில்லையா? என் காரை ஒருத்தன் காயலான் என்பான், நான் தலையாட்டுவதா?

நொரை மட்டும்தான் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "புதுக் கேஸுக்கு மாத்திரலாம்ணே" என்றான். குழாய் மூட்டில் இருக்கும் ரப்பர் ரிங், கம்ப்ரசர் எண்ணெய் எல்லாம் மாற்ற வேண்டுமாம். குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்ச எங்கள் வீட்டு பிரிட்ஜின் கம்ப்ரசரைக் கழற்றினான்.

"காரு குளுர்றதுக்கு எம் மாவு புளிக்கணுமா?" என்று என் சம்சாரம் கத்தினாள்.

"மாவு புளிச்சா தோசை, மாப்பிள்ளை வேர்த்தா சண்டை. எது வேணும் மதினி?"

அவள் மாவுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தப்பு செய்தது நான்தான். புது ரிங்குகளைத் தட்டில் வைத்துவிட்டு அவன் சாப்பிடப் போனான். சின்ன வயசில் மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெய் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? அத்தனை ரிங்குக்கும் எண்ணெய்க் குளியல். திரும்பி வந்தவன் தட்டை மோந்து பார்த்தான்.

"யாருண்ணே இது?"

"நாந்தான். வழுக்கிக்கிட்டு உள்ள போகும்ல?"

"இது கம்ப்ரசர்ணே. மலச்சிக்கல் புள்ளையில்ல."

"டேய், நாலு லாரி வச்சிருக்கவன்டா! எனக்கு எண்ணெய் தெரியாதா?"

"வாயை மூடுங்க."

மூடிவிட்டேன். கதவுக்குப் பின்னால் சம்சாரம் சிரித்தது கேட்டது. நொரை அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு, வேறு ரிங் வாங்கத் திருச்சிக்குப் போனான்.

மாப்பிள்ளை அழைப்பு நாள் காலை. காற்றை உறிஞ்சிவிட்டு மீட்டர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் முள் அசையாமல் நின்றால்தான் கசிவு இல்லை என்று அர்த்தம், அப்புறம்தான் கேஸ் ஏற்றுவானாம். அதற்குள் சம்பந்தி போன். "கெளம்பிட்டீகளா, இல்ல எங்க வண்டிய எடுக்கவா?"

"இந்தா வாரேன்!" என்று சொல்லிவிட்டு நொரையிடம் கெஞ்சினேன். நான் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. "ஏத்துடா தம்பி, வழியில பாத்துக்கலாம்."

"வழியில சூடு வந்தா ஒங்க பேச்சுல்ல பொய்யாப் போகும்? இன்னும் இருவது நிமிசம். ஒக்காருங்கண்ணே."

உட்கார்ந்தேன். முள் அசையவில்லை. கேஸ் ஏற்றினான்.

அன்று உச்சி வெயிலில் ஆவுடையார்கோவிலிலிருந்து திரும்பும்போது மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மாமா, கொஞ்சம் கொறைக்கலாமா? குளுருது." பின் சீட்டில் சம்பந்தி துண்டை இழுத்துப் போர்த்தியிருந்தார். திருச்சிப் பட்டறைக்காரர்களை அந்த நேரம் வரிசையாக நிற்கவைத்துக் காட்ட ஆசையாக இருந்தது.

அறந்தாங்கி தாண்டியதும் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு மொபெட். முகமெல்லாம் கருகிப்போய் நொரை. இலுப்பூரிலிருந்தே தொடர்ந்து வந்திருக்கிறான்.

வண்டியை ஓரங்கட்டிக் கண்ணாடியை இறக்கினேன். "ஏண்டா, நீ எங்கிட்டு வார?"

"வழியில மக்கர் பண்ணுனா யாரு பாப்பா? மொதல்ல கண்ணாடிய ஏத்துங்கண்ணே, குளுரு வெளிய போகுது."

ஏற்றிவிட்டுக் கிளம்பினேன். பின்னால் சம்பந்தி வீட்டுச் சனத்தை ஏற்றி வந்த வேன் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. போகட்டும். அந்த மொபெட் எவ்வளவு வேகம் போகுமோ, அதே வேகத்தில்தான் இலுப்பூர் வரைக்கும் ஓட்டினேன்.